ஊர்ப் பிள்ளையின் தொழிற்பயிற்சிக்குக் காசு கொடுக்க நினைக்கிறீர்களா? இப்படிச் செய்யுங்கள்

கனடா, லண்டன், சுவிஸில் இருப்பவர்களும் சரி, இங்கேயே கோயில் நிர்வாகம், பள்ளிவாசல், பழைய மாணவர் சங்கம், விளையாட்டுக் கழகம் என்று ஓடித் திரிகிறவர்களும் சரி, மட்டக்களப்பு அம்பாறைப் பக்கத்து இளம் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வந்தால் முதலில் கேட்பது "கோர்ஸுக்கு எவ்வளவு?" என்றுதான். நல்ல மனதோடு கேட்கிற கேள்விதான் அது. ஆனால் நான் பார்த்த அளவில் இங்கே பிள்ளைகள் பயிற்சியைப் பாதியில் விடுவது கோர்ஸ் கட்டணத்தால் இல்லை. அரச நிலையங்களில் பல பயிற்சிகளுக்குக் கட்டணம் கிடையாது, இருந்தாலும் பெரிய தொகை இல்லை. பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு, வீட்டுக்கு வந்துகொண்டிருந்த நாட்கூலி நின்றுபோவது, எல்லாம் முடித்து வெளியே வந்ததும் கையில் ஒரு குறடுகூட இல்லாமல் நிற்பது, இவைதான் பிள்ளையை விழுத்துகின்றன. ஆகவே உங்கள் காசு அங்கேதான் போக வேண்டும்.

முதலில் வேலை, பிறகு கோர்ஸ்

தையல், அழகுக்கலை, கணினி. உதவி என்றவுடன் இந்த மூன்றும்தான் எல்லோர் வாயிலும் வரும். மூன்றிலும் தப்பில்லை, ஆனால் ஒரே கிராமத்தில் பத்துப் பிள்ளைகளுக்குத் தையல் பழக்கி விட்டால் பதினோராவது சட்டையைத் தைக்கக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? கோர்ஸைத் தேர்ந்தெடுக்க முன்னர் வேலை எங்கே இருக்கிறது என்று ஒரு நாள் அலைந்து பாருங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரை அலைய விடுங்கள். கராஜ், வெல்டிங் கடை, அலுமினியம் வேலைக்கடை, ஏசி திருத்துபவர், ஹோட்டல், அரிசி ஆலை என்று ஏறி இறங்கி முதலாளியிடம் இரண்டே கேள்வி கேட்டால் போதும்: "இப்ப உங்களுக்கு ஆள் தேவையா? எடுத்தால் அந்தப் பொடியனுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்?" இரண்டாவது கேள்விக்கு வருகிற பதில் எந்தப் பாடத்திட்டத்திலும் கிடைக்காத தங்கம். வயரிங் கடைக்காரர் ஒருவர் "எனக்குக் கூரைக்கு மேலே ஏறப் பயப்படாத பொடியன், சொன்ன நேரத்துக்கு வாறவன் வேணும், மிச்சத்தை நான் பழக்குவன்" என்று சொல்லுவார். அந்த ஒரு வரியை வைத்தே எந்தப் பிள்ளையை எந்தப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று முடிவெடுக்கலாம்.

இந்த இரண்டு மாவட்டங்களும் நெல்லும் கடலும். சம்மாந்துறை, அக்கரைப்பற்று, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி என்று எந்தப் பக்கம் போனாலும் உழவு மெஷின், வேளாண்மை வெட்டும் மெஷின், தண்ணீர் பம்பு எல்லாம் பழுதாகிக்கொண்டே இருக்கும், திருத்தத் தெரிந்தவர்களோ போகம் வந்தால் நித்திரையே இல்லாமல் ஓடுவார்கள். வாழைச்சேனை, கல்குடா, கல்முனை, ஒலுவில் கரையோரத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவனுக்கும் அதே நிலை. மருதமுனையில் கைத்தறி இருக்கிறது, அதற்குச் சந்தையும் இருக்கிறது. பாசிக்குடா, அறுகம்பே ஹோட்டல்களில் சமையல், அறைப் பராமரிப்பு, வரவேற்பு என்று வேலைகள் உண்டு, ஆனால் காலத்தைக் கவனிக்க வேண்டும். கிழக்குக் கரையில் வெளிநாட்டுப் பயணிகள் வருவது சித்திரை, வைகாசியில் தொடங்கிப் புரட்டாதியோடு குறைந்துவிடும், மாரி தொடங்கியதும் ஹோட்டல்காரர்கள் இருக்கிற ஆட்களையே குறைப்பார்கள். கார்த்திகையில் முடிகிற ஹோட்டல் கோர்ஸுக்குக் காசு கட்டினால் பிள்ளை நாலைந்து மாதம் வீட்டில் இருந்து மனம் விட்டுப் போகும். சீசன் தொடங்கும்போது தொழிற்தளப் பயிற்சிக்குள் போகிற மாதிரிக் கணக்குப் பார்த்துச் சேருங்கள்.

எங்கே சேர்ப்பது

இலங்கையில் தொழிற்பயிற்சிக்கு ஒரு தேசியத் தரம் இருக்கிறது, என்.வி.கியூ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். மட்டம் 1இல் தொடங்கி 7 வரை போகும். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். வேலைக்குப் போகிற பிள்ளைக்கு மட்டம் 4 நல்ல இலக்கு, ஏனென்றால் முழுமையான தொழிலாளி என்று நாடு ஒப்புக்கொள்வது அந்த மட்டத்தில்தான். மட்டம் 3 என்றாலும் கையில் இருப்பது பெறுமதிதான், வெளிநாட்டு வேலைக்கும் இந்தச் சான்றிதழைக் கேட்கிறார்கள்.

இதை நடத்துவது மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. நீங்கள் ஒரு நிலையத்துக்குக் காசு கட்டப் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்று, நிலையம் ஆணைக்குழுவில் பதிவா, பதிவு இப்போதும் செல்லுபடியாகுமா? மற்றது, நீங்கள் சேர்க்கப் போகிற அந்தக் குறிப்பிட்ட கோர்ஸுக்கு என்.வி.கியூ அங்கீகாரம் இருக்கிறதா? "நாங்க பதிவு செய்த இடம்" என்று வாசலில் பெரிய பலகை இருக்கும், உள்ளே நடக்கிற கோர்ஸுக்கு அங்கீகாரம் இருக்காது. அப்படி ஒரு தனியார் இடத்தில் ஒரு வருடம் படித்துவிட்டு, நிலையத்தின் சொந்தச் சான்றிதழ் ஒன்றை மட்டும் பைலில் வைத்துக்கொண்டு நேர்முகத்துக்குப் போய்த் திரும்பி வந்த பிள்ளை எங்கள் ஊரிலும் உண்டு. ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பதிவான நிலையங்களையும் அங்கீகரித்த கோர்ஸ்களையும் பார்க்கலாம், பார்க்காமல் காசு கட்டாதீர்கள்.

அரச பக்கத்தில் தொழிற்பயிற்சி அதிகாரசபை இருக்கிறது, 1995இல் தொடங்கியது, இரண்டு மாவட்டங்களிலும் அதற்குப் பல நிலையங்கள் உண்டு. தொழில்நுட்பக் கல்லூரிகள் மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் அம்பாறையிலும் இருக்கின்றன. தேசிய இளைஞர் சேவைகள் மன்றமும் கோர்ஸ் நடத்துகிறது. நைட்டா என்று சொல்கிற தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையை நம் ஆட்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை, ஆனால் வகுப்பறையில் இருக்க முடியாத பிள்ளைக்கு அதுதான் சரியான வழி. பிள்ளையை நேராக ஒரு வேலைத்தளத்தில் பயிலுனராகச் சேர்த்து, வேலை செய்தபடியே பழகவிட்டு, கடைசியில் மதிப்பீடு செய்து சான்றிதழ் கொடுப்பார்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, ஆட்கள் அதிகம் பேசாதது, செலவும் மிகக் குறைந்தது. நாலைந்து வருடமாக மேசன் வேலையோ வெல்டிங்கோ செய்துகொண்டு சான்றிதழ் இல்லாமல் இருக்கிற பொடியன்மார் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திரும்பவும் கோர்ஸ் தேவையில்லை. முன்பே பழகியதை மதிப்பிட்டு என்.வி.கியூ கொடுக்கிற ஏற்பாடு இருக்கிறது, மதிப்பீட்டாளர்கள் வேலையைச் செய்து காட்டச் சொல்லிப் பார்ப்பார்கள், செய்த வேலைகளின் படங்கள், முதலாளியின் கடிதம் எல்லாம் ஒரு பைலில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பைலைத் தயாரிக்க, கட்டணம் கட்ட, மதிப்பீட்டு நாளில் போகும் கூலியை ஈடுகட்ட என்று சிறிய தொகைதான் செலவு, பலனோ உடனே தெரியும். கையில் கொஞ்சக் காசோடு தொடங்குகிற சங்கம் இதிலிருந்தே தொடங்கலாம்.

சாதாரண தரம் சித்தியடையவில்லை என்று மூலையில் இருக்கிற பிள்ளைக்கு 13 வருட உத்தரவாதக் கல்வி என்ற பெயரில் 2017இல் வந்த உயர்தரத் தொழிற்பிரிவும் உண்டு. அது நடக்கிற பாடசாலை எது என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள்.

யாருக்குக் கொடுப்பது

கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்தில் இருக்கிற மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் பேசுங்கள், யார் வீட்டில் என்ன நிலைமை என்று அவர்களுக்குத் தெரியும். அரசாங்கத்தின் அஸ்வெசும நிவாரணப் பட்டியலை ஒரு ஆரம்பமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதில் விடுபட்ட வீடுகளும் இருக்கின்றன. அப்புறம் பிள்ளையோடு நேரில் இருந்து கதைக்க வேண்டும், தாய் தகப்பனுக்கு முன்னால் ஒரு முறை, தனியாக ஒரு முறை. தாய் தகப்பனுக்கு முன்னால் "ஓம், வெல்டிங் படிக்கிறன்" என்று தலையாட்டுகிற பிள்ளை தனியே கேட்டால் "எனக்குக் கண் கூசும் அங்கிள், சமையல்தான் விருப்பம்" என்று சொல்லும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைத்தளத்தில் விடுகிற எந்த ஏற்பாட்டுக்கும் காசு கொடுக்காதீர்கள், அது சட்டத்துக்கும் மாறு.

பெண் பிள்ளைகளை மின்வயரிங், மோட்டார் மெக்கானிக், அலுமினியம் வேலை என்று அனுப்ப விரும்பினால் தாராளமாக அனுப்புங்கள், ஆனால் நிலையத்தில் தனிக் கழிவறை இருக்கிறதா, வகுப்பு முடிகிற நேரத்துக்கு அவள் ஊருக்குப் பஸ் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். இருட்டிய பிறகு வயல் வெளியால் இரண்டு கட்டை நடக்க வேண்டியிருந்தால் எந்தத் தாயும் விடமாட்டாள், விடச் சொல்லி நாம் கேட்கவும் கூடாது. அப்படியான இடத்தில் நிலையத்துக்குப் பக்கத்தில் தெரிந்த குடும்பத்தோடு தங்க வைக்கிற செலவையோ, மூன்று நான்கு பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒரு ஆட்டோ மாத வாடகைக்குப் பிடிக்கிற செலவையோ உங்கள் கணக்கில் எழுதிவிடுங்கள்.

கணக்கை இப்படிப் போடுங்கள்

இது மாதிரிக் கணக்கு, விலைகளை உங்கள் ஊர் விலையால் மாற்றிக்கொள்ளுங்கள். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ளே இருக்கிற ஒரு பிள்ளை மட்டக்களப்பு நகரத்துக்கு வந்து போகிறது என்று எடுப்போம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு இந்தப் பயணம் லேசாகிவிட்டது என்றாலும் வெல்லாவெளிக்கு அப்பால் இருந்து வருகிறவர்களுக்கு இன்னும் இரண்டு பஸ்தான். ஒரு வழிக்கு 200 ரூபா, நாளுக்கு 400, மாதத்தில் 22 நாள் என்றால் 8,800. மத்தியானச் சாப்பாடு 300 வீதம் 6,600. போனுக்கு டேட்டா 1,000. மொத்தம் மாதம் 16,400, ஆறு மாதத்துக்கு 98,400 ரூபா. அடுத்த ஆறு மாதம் தொழிற்தளப் பயிற்சி, அங்கே சில முதலாளிகள் கொஞ்சம் கைச்செலவு தருவார்கள், ஆகவே பாதியைப் போடுங்கள், 8,200 வீதம் 49,200. பாதுகாப்புச் சப்பாத்து, கையுறை, வேலை உடுப்புக்கு 12,000. மதிப்பீடு, போட்டோப் பிரதி, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி என்று ஓடுகிற செலவு 5,000. முடித்ததும் வேலைச் சாமான் 65,000. வருத்தம், வீட்டில் சாவு, வெள்ளம் என்று எதற்கும் ஒரு கைகாவல் 20,000. கூட்டினால் 2,49,600. ஒரு பிள்ளைக்கு இரண்டரை லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் கோர்ஸ் கட்டணம் என்று ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள், அரச நிலையம் என்று எடுத்தபடியால். இ.போ.ச. பஸ்ஸில் பருவச் சீட்டு எடுக்க முடிந்தால் பயணச் செலவு நன்றாகக் குறையும், நிலையத்திடம் கடிதம் வாங்கிக்கொண்டு டிப்போவில் கேளுங்கள். சில கோர்ஸ்களுக்கு அரசாங்கமே மாதக் கொடுப்பனவு கொடுக்கிறது, வரவு ஒழுங்காக இருந்தால்தான் கிடைக்கும், கைக்கு வரப் பிந்தவும் கூடும், அது வரும் என்று நம்பிப் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள்.

பத்துப் பிள்ளைக்கு அரைகுறையாகக் கொடுப்பதைவிட இரண்டு பிள்ளைக்கு முழுசாகக் கொடுப்பது நல்லது. இதை எத்தனையோ கூட்டங்களில் சொல்லி வாக்குவாதப்பட்டிருக்கிறேன். மேடையில் பத்துப் பேரை நிறுத்திப் படம் எடுக்கலாம், ஆனால் மூன்றாம் மாதம் பஸ் காசு நின்றதும் அந்தப் பத்தில் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறார்கள் என்று யாரும் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை.

காசு எப்படிக் கைக்குப் போக வேண்டும்

பிள்ளையின் சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கச் சொல்லுங்கள், 18க்குக் குறைவென்றால் தாயின் பெயரில். மாதா மாதம் போடுங்கள், மொத்தமாக ஒருபோதும் வேண்டாம். மொத்தமாக ஒரு லட்சம் வீட்டுக்கு வந்தால் அது கூரைத் தகட்டுக்கும் அக்காவின் கலியாணக் கடனுக்கும் போகும், அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது, வீட்டின் தேவை அப்படி. பயணக் காசை மாதத் தொடக்கத்திலேயே போடுங்கள், ஏனென்றால் 10ஆம் திகதி வருகிற காசால் 1ஆம் திகதி பஸ்ஸில் ஏற முடியாது. அடுத்த மாதக் காசு போடும் முன்னர் போன மாத வரவு இடாப்பின் படத்தைப் போதனாசிரியரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குங்கள். 80 வீதத்துக்குக் கீழே போனால் காசை நிறுத்துவதற்கு முன்னர் ஒரு ஆள் வீட்டுக்குப் போக வேண்டும்.

அந்த ஆள் மிக முக்கியம். ஊரில் இருக்கிற, பிள்ளை மதிக்கிற ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியரோ கராஜ் வைத்திருக்கிற ஒரு அண்ணனோ. வெளிநாட்டில் இருந்து போன் எடுத்து "என்ன மகன், ஏன் வகுப்புக்குப் போகல்ல?" என்று கேட்டால் "போறன்தானே மாமா" என்றுதான் பதில் வரும். நேரில் போனால்தான் அப்பாவுக்கு வருத்தம் என்பதும், மாசி பங்குனியில் பெரும்போக வேளாண்மை வெட்டு நடக்கிறது, நல்ல கூலி கிடைக்கிறது, வீட்டுக்காரர்தான் இறக்கி விட்டார்கள் என்பதும் தெரியவரும். வெட்டுக் காலத்தில் வரவு விழுவது முன்கூட்டியே தெரிந்த விஷயம். அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் வீட்டுக்கு ஒரு மேலதிகத் தொகை கொடுத்தால் பிள்ளை வகுப்பில் இருக்கும். மாரியில் படுவான்கரைப் பாதைகள் தண்ணிக்குள் போகும் நாட்களை வரவில் குறைக்காமல் விட நிலையத்தோடு பேசி வைப்பதும் அந்த ஆளின் வேலைதான்.

மட்டக்களப்பில் கூடவே நின்று பிள்ளைகளைத் தொழிலுக்கு எடுத்துவிட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இருந்து வந்து, புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கி, பிறகு கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தை நடத்திய யேசுசபைத் துறவி யூஜின் ஹீபர்ட் இந்த ஊரில் பலருக்கு இன்னும் நினைவில் இருக்கிறார். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையில் இருந்து திரும்பி வரும் வழியில் அவர் காணாமல் போனார். அவரைப் போல யாரும் வாழ்நாளைக் கொடுக்க வேண்டும் என்று கேட்கவில்லை, மாதத்தில் ஒரு பின்னேரம் ஒரு வீட்டுப் படலையைத் தட்டுகிற ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

முடித்த பிறகு

சாமான் வாங்கிக் கொடுக்கும்போது பிள்ளையையும் தொழில் தெரிந்த ஒருவரையும் கடைக்குக் கூட்டிப் போங்கள். வயரிங் பிள்ளைக்கு டெஸ்டர், மல்டிமீட்டர், இரண்டு மூன்று வகைக் குறடு, ஸ்குரூ டிரைவர் செட், டிரில் மெஷின், ஏணி. மலிவான டிரில் ஒன்றை வாங்கிக் கொடுத்தால் கொங்கிரீட்டில் மூன்றாவது துளையிலேயே புகைந்துவிடும், குறைந்த சாமான் வாங்கினாலும் நல்லதாக வாங்குங்கள். பயிற்சி முடித்து, மதிப்பீடும் எழுதிய பிறகுதான் சாமான் என்று முதல் நாளே சொல்லி வைத்தால் கடைசி மாதங்களில் பிள்ளை நழுவாது.

மெஷின் வாங்கக் கடன் எடு என்று மட்டும் அனுப்பி விடாதீர்கள். நுண்கடன் கம்பனிகளிடம் வாரக் கட்டணத்துக்கு எடுத்து நம் பக்கத்துப் பெண்கள் பட்ட பாடு போதும். ஜூகி தையல் மெஷினோ வெல்டிங் பிளான்டோ வாங்க வேண்டும் என்றால் சங்கமே வட்டியில்லாமல் கொடுத்து, சம்பாத்தியம் தொடங்கிய நாலாம் மாதத்தில் இருந்து சிறிது சிறிதாகத் திருப்பி வாங்கலாம், திரும்பி வருகிற காசு அடுத்த பிள்ளைக்கு. ஸகாத் நிதி வைத்திருக்கிற பள்ளிவாசல்கள் தகுதியான குடும்பத்துக்கு அதிலிருந்தே சாமான் வாங்கிக் கொடுக்கலாமா என்று மௌலவியிடம் கேட்டுச் செய்யலாம்.

பெரிய திட்டக் காசைப் பற்றி ஒரு வார்த்தை. உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி காசு அரசாங்கத்தினூடாகத்தான் வரும், அவுஸ்திரேலியா உதவிய திறன் திட்டம் ஒன்று மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை, பொலன்னறுவை என்று சுற்றுலாத் தொழிலுக்கு ஆட்களைப் பழக்கியது. இப்படியான திட்டங்கள் வரும், போகும். 2025இல் அமெரிக்காவின் யூஎஸ்எயிட் மூடப்பட்டபோது எத்தனை வேலைகள் நடுவில் நின்றன என்று பார்த்தோம். வந்தால் பிரதேச செயலகத்தில் பதிவான சங்கமாக, வரவு செலவு ஒழுங்காக எழுதியபடி தயாராக இருங்கள், ஆனால் ஒரு பிள்ளையின் மாதப் பஸ் காசுக்கு அதை நம்பி இருக்காதீர்கள். ஊரில் இருபத்தொரு பேர் மாதம் ஆயிரம் ரூபா சீட்டுக் கட்டுகிற மாதிரிப் போட்டால் ஒரு பிள்ளையை முழுசாகத் தாங்கலாம், வெளிநாட்டில் நாலு பேர் சேர்ந்தால் அதைவிட லேசு.

தொழிற்பயிற்சி அதிகாரசபை பொதுவாக ஜனவரியிலும் யூலையிலும் ஆட்களை எடுக்கும். ஜனவரிக்கு என்றால் ஐப்பசிக்குள் பிள்ளையோடு கதைத்து, தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் எல்லாம் எடுத்து வைத்துவிடுங்கள், அடையாள அட்டை இல்லாமல் நிற்கிற பிள்ளைகள்தான் இங்கே நிறைய, அது வரவே வாரக்கணக்கில் போகும்.